பைலட் ஆக விலை உயர்ந்த வாட்ச் வேண்டுமா? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கடலோரமாக இருக்கும் வெர்ஜீனியா விமான நிலையத்தில் சனி, ஞாயிறுகளில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன். தமிழ்நாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள் என்று யாரோடு தமிழில் பேச ஆரம்பித்தாலும் பேச்சு எப்படியோ வாட்சுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு ஆயா, பேரனின் 21ஆவது பிறந்தநாளுக்கு வாங்கித் தர நினைத்த வாட்சின் படத்தை அனுப்பினார். (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் சொல்வார்கள்.) விலை ஒரு லட்சம் ராண்டுக்கு மேல். "தம்பி, இது இல்லாம பிளேன் ஓட்ட முடியாதாமே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையும், மற்றவர்களுக்குப் பல வருடமாகச் சொல்லி வருவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். வேண்டுமா, வேண்டாமா?

வாட்ச் வேண்டும். அந்த விலை வேண்டாம்.

சிறு விமானங்களுக்கான சர்வதேச விதிகளில், அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பில், மணி, நிமிடம், நொடி மூன்றையும் காட்டும் துல்லியமான கடிகாரம் ஒன்று வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான். பிராண்ட், சபையர் கண்ணாடி, எஃகு உடம்பு, சுவிஸ் முத்திரை எதைப் பற்றியும் அதில் பேச்சில்லை.

ஜி.பி.எஸ் இருக்கும்போது பைலட்டுக்கு நொடி எதற்கு?

நல்ல கேள்வி. முதல் நாளிலிருந்தே நொடி வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் முள் 30 நொடிக்குள் மேலே வர வேண்டும், வராவிட்டால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். முதல் தடவை உட்காரும் பையனுக்கு அந்த 30 நொடி ஐந்து நிமிடம் மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் ஐந்து நொடி மாதிரி இருக்கும். மனக்கணக்கை நம்ப முடியாது.

அப்புறம் திரும்புவது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும்போது நொடிக்கு 3 டிகிரி என்ற வேகத்தில் திரும்புவோம். முழு வட்டம் போட 2 நிமிடம், வந்த வழியே திரும்ப சரியாக 1 நிமிடம். கோடைக்காலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போனால் மலைச்சரிவில் மேகம் திடீரென்று இறங்கும். தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்ட பயிற்சி மாணவனுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: நொடி முள்ளைப் பார், அளவாகச் சாய், ஒரு நிமிடம் எண்ணு, நேராக்கு. நுழைந்த வழியிலேயே வெளியே வந்துவிடுவாய்.

இறங்க முறை வரும் வரை வானத்தில் ஓவல் வடிவத்தில் சுற்றிக் காத்திருப்பதை ஹோல்டிங் என்கிறோம். அதன் நேர்க்கோட்டுப் பகுதி 14,000 அடி வரை 1 நிமிடம், அதற்கு மேலே ஒன்றரை நிமிடம். அதற்கும் ஸ்டாப்வாட்ச் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எரிபொருள். அதில் எனக்கே ஒரு கதை உண்டு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நிறைய முள், நிறைய சின்ன டயல் இருந்தால் இன்னும் வசதிதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாணவனாக இருந்தபோது சேர்த்து வைத்த காசில் பாதியைப் போட்டு ஒரு குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த முள் வாட்ச்) வாங்கினேன். பெரிய டயலுக்குள் மூன்று குட்டி டயல். பார்க்க விமான காக்பிட்டே மணிக்கட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

நான் பழகிய பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானத்தில் இரண்டு இறக்கையிலும் தனித்தனி எரிபொருள் டேங்க். செஸ்னா 172 விமானத்தில் 'இரண்டும்' என்று ஒரு நிலை உண்டு, அதில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். செரோக்கியில் அது கிடையாது. இடது அல்லது வலது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை கையால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டி மார்கேட் என்ற ஊர் வரை போய்த் திரும்பும் பயிற்சி. இடது டேங்கில் கிளம்பினேன், வாட்சை அழுத்தினேன். வழியில் ஸ்காட்பர்க் தாண்டியதும் ரேடியோவில் பேச்சு, எதிரே ஒரு ஹெலிகாப்டர், கவனம் அங்கே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து நிமிடம் எண்ணும் குட்டி டயலைப் பார்த்தேன். முள் 4இல் நின்றது. சரி, இப்போதுதான் டேங்கை மாற்றி வாட்சை மறுபடி அழுத்தியிருக்கிறோம் என்று மனசு முடிவு செய்துவிட்டது. அந்தக் குட்டி டயல் 30 நிமிடம்தான் எண்ணும், அதன் பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 34ஆவது நிமிடமும் 4ஆவது நிமிடமும் அதில் ஒன்றுதான். ஒரு துவரம்பருப்பு அளவு வட்டத்தில், தலைமுடி அளவு முள்.

ஒரு மணி நேரம் ஆகும்போது விமானம் வலது பக்கம் சாயச் சாய நான் இடது பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். காற்று என்று நினைத்தேன். இடது இறக்கையிலிருந்து மட்டும் சுமார் 30 லிட்டர் குறைந்திருந்தது, அதாவது இருபது கிலோவுக்கு மேல் எடை. பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தன் கையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். கறுப்பு பிளாஸ்டிக் கேசியோ எஃப்-91டபிள்யூ. 58:20 என்று ஓடிக்கொண்டிருந்தது, பெரிய எண்ணில். "இதை ஏழு வயசுப் பிள்ளையும் படிக்கும்" என்றார்.

இறங்கி வந்ததும் என் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன். கல்யாண வீடுகளுக்கு இன்னும் கட்டிக்கொண்டு போகிறேன்.

விலை கூடினால் துல்லியமும் கூடுமா?

கிட்டத்தட்ட தலைகீழ். விலை உயர்ந்த வாட்ச்சுகள் பெரும்பாலும் சக்கரமும் சுருள்வில்லும் கொண்ட மெக்கானிக்கல் வகை. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் (துல்லியக் கடிகாரம்) என்று சான்றிதழ் வாங்க, சராசரியாக ஒரு நாளைக்கு 4 நொடி பின்தங்குவதிலிருந்து 6 நொடி முந்துவது வரை அனுமதி உண்டு. 6 நொடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் 3 நிமிடம் ஆகிவிடும். சாதாரண குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு படிகத் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. மாதத்துக்கு 15 முதல் 30 நொடிதான் பிசகும்.

மெக்கானிக்கல் வாட்ச் மட்டம் என்று சொல்லவில்லை. பேட்டரி இல்லாமல் இருநூறு சின்னத் துண்டுகள் சேர்ந்து இவ்வளவு கிட்டத்தில் நேரத்தைச் சொல்வது கைவேலையின் உச்சம். காசு அந்தக் கைவேலைக்குத்தான் போகிறது.

அப்படியானால் 'பைலட் வாட்ச்' என்ற ஒன்று ஏன் வந்தது? எல்லாம் விளம்பரமா?

இல்லை. ஒரு காலத்தில் அது உயிர் காக்கும் கருவி. 1904 வாக்கில் பாரிஸில் பறந்துகொண்டிருந்த பிரேசில்காரர் சான்டோஸ்-டுமோன், ஓட்டும்போது சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுக்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். நகை வியாபாரியான நண்பர் லூயி கார்ட்டியே மணிக்கட்டில் கட்டுகிற மாதிரி ஒன்று செய்து கொடுத்தார்.

பிறகு கடல்மேல் நெடுந்தூரப் பறத்தல் வந்தது. சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து, நேரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தார்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. அதைக் கணக்கிட்டால், நிலநடுக்கோட்டுப் பக்கம் வாட்ச் 4 நொடி பிசகினால் நம் இடமும் ஒரு கடல் மைல் பிசகிவிடும். ஒரு நிமிடம் பிசகினால் 15 கடல் மைல், இறங்க வேண்டிய தீவே கண்ணில் படாது. அதனால்தான் 1931இல் லாஞ்சீன்ஸ் நிறுவனம் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் யோசனைப்படி கோணத்தையே நேரடியாகப் படிக்கும் வாட்ச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களில் வழியைக் கணக்கிட்டவர்கள் 55 மில்லிமீட்டர் அகலமுள்ள வாட்சைக் கோட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டார்கள். ஒரு சின்னத் தோசை அளவு.

1950களின் நடுவில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பைலட்டுகளுக்காக ரோலெக்ஸ் இரண்டாவது மணி முள் வைத்த ஜி.எம்.டி மாஸ்டரைக் கொண்டுவந்தது. அதுவும் உண்மையான தேவைக்குத்தான். தேவை போய்விட்டது, வாட்ச் தங்கிவிட்டது. விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

வாட்சைச் சுற்றி எண்களாக இருக்கிறதே, அது எதற்கு?

அது வட்ட வடிவ ஸ்லைடு ரூல், திருப்பிப் பெருக்கல், வகுத்தல் போடும் அளவுகோல். பிரைட்லிங் நேவிடைமர் 1952இல் அதை வைத்துத்தான் பேர் வாங்கியது. வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. 24 நிமிடத்தில் 36 கடல் மைல் போயிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வெளி வளையத்தின் 36ஐ உள்வளையத்தின் 24க்கு நேராகத் திருப்புங்கள். உள்ளே 60 எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் வெளியே 90 வரும். மணிக்கு 90 கடல் மைல்.

மேசையில் உட்கார்ந்து செய்தால் அழகாக வரும். வெயிலில் குலுங்கும் செஸ்னாவில், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, கடுகளவு எண்களைத் திருப்பிப் பாருங்கள்! பயிற்சியில் நாம் பயன்படுத்தும் உள்ளங்கை அளவு ஃப்ளைட் கம்ப்யூட்டரும் (கையால் திருப்பும் வட்டத் தகடு) இதே கணக்குத்தான், ஆனால் படிக்க முடியும். அதைவிடச் சுலபம் ஆறு நிமிடக் கணக்கு. ஆறு நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு. ஆறு நிமிடத்தில் 9 கடல் மைல் போனால் வேகம் 90. இதற்கு வளையம் வேண்டாம், விரலே போதும்.

இன்னொன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 'பைலட்' வாட்ச்சுகள் சிலவற்றில் அந்த வளையம் திரும்பவே திரும்பாது. கோலம் மாதிரி வரைந்து வைத்திருப்பார்கள்.

டர்பனின் சர்வதேச விமான நிலையமான கிங் ஷாகாவில் இறங்கும் பெரிய விமானங்களின் பைலட்டுகளுக்காவது வேண்டுமா?

அவர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் தேவை. போயிங், ஏர்பஸ் இரண்டிலும் இரு பைலட்டுகளும் பார்க்கிற மாதிரி கடிகாரமும் ஸ்டாப்வாட்சும் முகப்பிலேயே உண்டு.

ஆனால் இரண்டு இடத்தில் கையில் கட்டிய வாட்ச் உதவும். ஒன்று, போலி ஜி.பி.எஸ் சிக்னல். 2023 செப்டம்பரிலிருந்து மேற்காசியப் பக்கம் பறக்கும் விமானங்கள் பல இதில் மாட்டின. விமானத்தின் கடிகாரம் ஜி.பி.எஸ்ஸிலிருந்து நேரம் எடுப்பதால் சில விமானங்களில் நேரமே மாறிப்போனது. எதோடும் இணைக்காத ஒரு வாட்ச் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இணைக்காமல் இருப்பதுதான் அங்கே பலம், அதனால் மலிவான வாட்ச் இங்கேயும் ஜெயிக்கிறது.

இரண்டாவது, காற்றழுத்தம். 2005 ஆகஸ்டில் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் நிறுவனத்தின் விமானத்தில் உள்ளே காற்றழுத்தம் ஏறவில்லை. எச்சரிக்கை ஒலியைப் பைலட்டுகள் வேறு ஏதோ என்று நினைத்துவிட்டார்கள். பிராணவாயு குறைந்து நினைவிழந்தார்கள், 121 பேர் இறந்தார்கள். காற்றழுத்தத்தை அளக்கும் வாட்ச் கேபினின் உயரத்தைக் காட்டும், ஒரு அளவு தாண்டினால் அலறும்படி வைக்கவும் முடியும். வாட்சில் கூடுதல் வசதி வேண்டும் என்றால் நான் இதற்குத்தான் காசு கொடுப்பேன். ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம்: அழுத்தம் ஏற்றிய விமானத்தில் அது காட்டுவது கேபின் உயரம், விமானத்தின் உயரம் அல்ல. 36,000 அடியில் பறக்கும்போதும் ஏழாயிரத்துச் சொச்சம் என்றுதான் காட்டும்.

ஸ்மார்ட்வாட்ச்?

கார்மின் நிறுவனம் விமானிகளுக்கென்றே செய்கிறது, வரைபடம், வானிலை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாம் வரும். நல்ல பொருள்தான். என் மாணவர்களுக்கு இரண்டே நிபந்தனை. முந்தின இரவு சார்ஜ் போட்டிருக்க வேண்டும், வாட்ஸ்அப் வந்தால் கையில் அதிரக்கூடாது. இறங்கும் நேரத்தில் "சாப்பிட்டியா கண்ணா" என்று அம்மா கேட்டு, பையன் குனிந்து பார்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

போனிலேயே ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே?

பிப்ரவரி வெயிலில் டர்பனில் போனை விமானக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். 'சூடாகிவிட்டேன்' என்று திரையை அணைத்துவிடும். மின்சாரப் பழுதும் உண்டு. விமானத்திலும் லோட் ஷெடிங் (மின்வெட்டு) இருக்கிறது, பெயரே அதுதான். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போய்விட்டால் பேட்டரியைக் காப்பாற்ற ஒவ்வொரு கருவியாக நாமே அணைக்க வேண்டும். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று எண்ணத் தொடங்குவதும் அப்போதுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

என் மெக்கானிக்கல் வாட்ச் பறக்க ஆரம்பித்ததிலிருந்து வேகமாக ஓடுகிறது. உயரத்தாலா?

உயரம் இல்லை, காந்தம். டேப்லெட் உறையில் காந்தம், ஹெட்செட்டின் ஸ்பீக்கரில் காந்தம். வாட்சைக் கழற்றி அதன்மேல் வைத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் ஓட்டமெடுக்கும். ஒரு திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், முள் ஆடினால் அதுதான் காரணம். வாட்ச் ரிப்பேர் செய்பவர் சில நொடிகளில் காந்தத்தை எடுத்துவிடுவார்.

இரவில் பறக்க? ஸ்ட்ராப் எது நல்லது?

முள் இருளில் தெரிய வேண்டும். காக்பிட்டில் சிவப்பு விளக்கு போட்டால் டயலில் சிவப்பு நிறத்தில் உள்ளவை மறைந்துவிடும், வாங்கும்போது பாருங்கள். தாத்தா காலத்துப் போர் வாட்ச் என்றால் அதன் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு சாகவில்லை, மூடியைத் திறக்காதீர்கள். ஸ்ட்ராப் ரப்பரோ துணியோ போதும். உலோகச் சங்கிலி பேட்டரி முனைகளில் பட்டால் தோல் வெந்துவிடும்.

ஏர்லைன் இன்டர்வியூவில் வாட்சைப் பார்ப்பார்களா?

நேரத்துக்கு வந்தீர்களா என்று பார்ப்பார்கள்.

சரி, எதை வாங்கட்டும்?

நான் கட்டியிருப்பது கேசியோ ஏஇ-1200. ஸ்டாப்வாட்ச், பின்னோக்கி எண்ணும் டைமர், உலக நேரம், பத்து வருடப் பேட்டரி. அரை மணிக்கு ஒருமுறை டேங்க் மாற்ற நினைவூட்ட அந்த டைமர்தான் தேவை. எஃப்-91டபிள்யூவில் டைமர் கிடையாது, ஸ்டாப்வாட்சும் ஒரு மணி நேரத்தோடு சரி, விளக்கு மின்மினி அளவுதான். இரண்டுமே மலிவுதான், உடைந்தாலும் தொலைந்தாலும் அழ வேண்டாம்.

ஆயாவிடம் வேறு மாதிரிதான் சொன்னேன். இங்கே தனியார் பைலட் உரிமத்துக்கு குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், வணிக உரிமத்துக்கு 200. ஒரு மணி நேரத்துக்கு இரண்டாயிரம் ராண்டுக்கு மேல் போகிறது. "ஆயா, அந்த வாட்ச் காசில் பையன் ஒரு உரிமத்தையே முடித்துவிடலாம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்போ கையில கட்டிக் காட்ட என்ன இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 21ஆவது பிறந்தநாள் இங்கே சின்ன விசேஷம் இல்லை, ஹாலில் நூறு பேர் முன்னால் ஏதாவது கையில் கொடுக்க வேண்டும். பறக்கும் மணிகளுக்குப் பணம் கட்டிவிட்டு, ரசீதைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கேசியோவும் இருக்குமாம்.

டர்பன் நேரம், ஊர் நேரம், யு.டி.சி மூன்றும் காட்ட ஜி.எம்.டி வாட்ச் வேண்டாமா?

விமான உலகம் முழுக்க ஓடுவது யு.டி.சி என்ற உலகப் பொது நேரத்தில்தான். லாக் புக்கிலும் அதைத்தான் எழுதுகிறோம். தென்னாப்பிரிக்காவில் இது சுலபம், இரண்டு மணியைக் கழித்தால் போதும். கோடை, குளிர் என்று நேரத்தை மாற்றும் வழக்கமும் இங்கே இல்லை. நம் ஊர்தான் சிக்கல், யு.டி.சிக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. பெரும்பாலான ஜி.எம்.டி வாட்ச்சுகளின் முள் ஒரு மணி ஒரு மணியாகத்தான் தாவும், அந்த அரை மணிக்கு அதில் இடம் கிடையாது. அத்தனை காசு கொடுத்தும் சென்னை நேரத்துக்கு மனக்கணக்குத்தான்.

இதில் எனக்கு ஒரு பையன் பாடம் சொல்லிக்கொடுத்தான். மதுரைக்காரன், அப்பாவின் பழைய எச்.எம்.டி வாட்சைக் கட்டிக்கொண்டு வருவான். கறுப்பு டயல், 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். மாடலின் பெயரே 'பைலட்'! வந்து ஒரு மாதம் ஆகியும் அது சென்னை நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை எட்டரை மணி, விமானத்தைச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தோம். "தம்பி, இன்னும் ஊர் நேரத்தை மாத்தலையா?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"சார், இதுல ரெண்டும் இருக்கு" என்று கையை நீட்டினான். இரண்டு முள்ளும் 12இல் ஒன்றாக நின்றன. சென்னையில் நண்பகல். வாட்சைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினான். "எண்ணைப் பார்க்காதீங்க சார், முள்ளை மட்டும் பாருங்க." இரண்டு முள்ளும் நேர் கீழே. ஆறரை. யு.டி.சி ஆறரை.

தலைகீழாக்கினால் மணி முள் ஆறு மணி நகர்கிறது, நிமிட முள் முப்பது நிமிடம் நகர்கிறது. இரண்டும் சேர்ந்து சரியாக ஐந்தரை மணி வித்தியாசம். மணி முள் அரை மணி பின்தங்கி நிற்கும், நாலு நாளில் கண் பழகிவிடும். இத்தனை வருடமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

அன்று புறப்பட்டதும் முழங்கால் பலகையில் 06:42 என்று எழுதினான். யு.டி.சியில் வைத்திருக்கும் என் கேசியோவைக் குனிந்து பார்த்தேன். 06:42.